கொசு வரைந்த எல்லை

இதை வாசிக்கும் உங்கள் உடலில் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் அநேகமாக இருக்கிறது. உலகில் வளர்ந்த மனிதர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் அதைச் சுமக்கிறார்கள் என்பதால், பந்தயம் கட்டினால் நான் தோற்க வாய்ப்பு குறைவு. அது எச்சில் வழியே பரவும். நம் ஊர்களில் குழந்தை தவழ்ந்து முடித்து ஓடத் தொடங்குவதற்குள்ளேயே பெரும்பாலும் வந்துவிடும். யாரோ ஒரு சித்தி கொஞ்சி முத்தம் கொடுத்திருப்பாள். பாட்டி சூடு பார்க்கத் தன் வாயில் வைத்த கரண்டியாலேயே ஊட்டியிருப்பாள். லேசான காய்ச்சல் வரும், பல நேரம் அதுவும் வராது. பிறகு அந்த வைரஸ் ரத்தத்தின் பி செல்களுக்குள் போய் ஒடுங்கி, ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கும்.

இதே வைரஸ்தான், ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளின் தாடையைச் சில வாரங்களில் உருக்குலைத்துவிடும் ஒரு புற்றுநோயின் செல்களுக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு வரும் புற்றுநோய்க்கும் ஒரு வைரஸுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான தடயம் அது. அதோடு ஒரு புதிரும் பிறந்தது. ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கும் வைரஸ், ஒரு நிலப்பகுதியின் குழந்தைகளை மட்டும் ஏன் இப்படித் தாக்குகிறது? பதில் கிடைக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பதிலும் இன்னும் முழுமையாகவில்லை.

கதை 1957இல் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனையில் தொடங்குகிறது. அங்கே அறுவை மருத்துவராக இருந்தவர் டெனிஸ் பர்கிட். அயர்லாந்துக்காரர். பதினொரு வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். இரண்டாம் உலகப்போரில் படை மருத்துவராகக் கென்யாவிலும் இலங்கையிலும் வேலை பார்த்துவிட்டு, போர் முடிந்ததும் உகாண்டாவுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய சக மருத்துவர் ஹியூ ட்ரோவெல், குழந்தைகளின் சத்துக்குறைவு நோய்களில் பெயர் பெற்றவர், ஒருநாள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் காட்டி யோசனை கேட்டார். அவனுக்கு மேல்தாடை, கீழ்த்தாடை, இடம், வலம் என்று நான்கு பக்கமும் வீக்கம். பல்லெல்லாம் ஆடிப்போயிருந்தது. சீழ்க்கட்டியாக இருந்தால் ஒரு பக்கம்தான் வரும். புற்றுநோயும் இப்படி நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் முளைப்பதைப் பர்கிட் பார்த்ததில்லை. அந்தச் சிறுவனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, நைல் நதி விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படும் ஜிஞ்ஜா நகரின் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சன்னலுக்கு வெளியே புல்வெளியில் தாயோடு உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையின் முகம் கண்ணில் பட்டது. அதே வீக்கம், அதே நான்கு பக்கம். கூடவே வயிற்றிலும் கட்டி. ஒன்று என்றால் விந்தை, இரண்டு என்றால் நோய் என்று அவருக்குப் பட்டது. மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். தாடைக்கட்டி என்று ஒரு பக்கமும், சிறுநீரகக் கட்டி, கருப்பைக்கு அருகிலுள்ள சினையகக் கட்டி, கல்லீரல் கட்டி என்று வேறு வேறு பக்கங்களிலும் எழுதிவைக்கப்பட்டிருந்தவை பல நேரம் ஒரே குழந்தையின் உடலிலேயே இருந்தன. தனித்தனிப் பெயரில் கிடந்தவை எல்லாம் ஒரே நோய். 1958இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அது நிணநீர் மண்டலத்தின் புற்று, அதாவது லிம்போமா, என்பதை முலாகோவின் நோயியல் வல்லுநர்கள் அடுத்த ஓரிரு ஆண்டில் உறுதிசெய்தார்கள். உகாண்டாவில் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதி லிம்போமாதான் என்பதும் அப்போது தெரியவந்தது.

நோய் புதிதல்ல. கம்பாலாவின் மெங்கோ மருத்துவமனையை நிறுவிய மிஷனரி மருத்துவர் ஆல்பர்ட் குக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்திருந்தார். அரை நூற்றாண்டு அந்தக் குறிப்புகள் அலமாரியில் தூங்கின.

பர்கிட் அறுவைசிகிச்சைக்காரர், ஆய்வுக்கூடம் கிடையாது, பணமும் கிடையாது. தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த ஆய்வுநிதி மொத்தம் 25 பவுன். அதை வைத்து நோயாளிக் குழந்தைகளின் படத்தோடு ஒரு துண்டறிக்கை அச்சடித்து, ஆப்பிரிக்கா முழுவதும் அரசு மருத்துவமனைகளுக்கும் மிஷன் மருத்துவமனைகளுக்கும் அனுப்பினார். இப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரே கேள்வி. பதில் வரவர, சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஊசி குத்திக்கொண்டே வந்தார். ஊசிகள் கண்டத்தின் குறுக்கே ஒரு பட்டையாகக் கூடின. அது நிலநடுக்கோட்டின் இருபுறமும் படர்ந்தது; கிழக்கு ஓரத்தில் தெற்கே மொசாம்பிக் வரை ஒரு வாலும் நீண்டது.

புற்றுநோய்க்கு இப்படி ஓர் எல்லை இருப்பது அன்றைக்குக் கேள்விப்படாத செய்தி. அந்த எல்லை எங்கே முடிகிறது, ஏன் முடிகிறது என்று பார்க்கப் பர்கிட் 1961 அக்டோபரில் கிளம்பினார். 250 பவுனுக்கு வாங்கிய பழைய ஃபோர்டு வண்டி. கூடவே டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரண்டு மருத்துவ நண்பர்கள். பத்து வாரங்களில் 10,000 மைல். ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் இறங்கி, படத்தைக் காட்டி, உண்டா இல்லையா என்று கேட்டார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு வேறொன்று இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு பட்டையின் விளிம்பு அல்ல, உயரத்தின் கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகே உகாண்டாவிலும் கென்யாவிலும் 5,000 அடிக்கு மேல் வாழும் குழந்தைகளுக்கு இந்தக் கட்டி வருவதில்லை. தெற்கே போகப்போக அந்த உயரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்வாஸிலாந்துப் பக்கம் 1,000 அடியிலேயே நோய் நின்றுவிட்டது. உயரம் என்பது வேறொன்றின் நிழல் என்று இதிலிருந்தே புரிந்துவிடும். அந்த வேறொன்று வெப்பம். ஆண்டின் குளிர்ந்த மாதத்தில் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இடங்களில் நோய் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய மலைகள் அதிகம் கிடையாது. அங்கே எல்லை போட்டது மழை. ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாகப் பெய்யும் வறண்ட வடக்கில் கட்டி மறைந்துபோனது.

வெப்பமும் மழையும் சேர்ந்து எதை ஆளும் என்று பூச்சியியல் தெரிந்தவரிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். என்டெபியில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்க வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஹாடோ அதைத்தான் சொன்னார். ஸிக்கா வைரஸை முதலில் பிரித்தெடுத்த குழுவில் இருந்தவர் அவர். கொசுக்கள் பரப்பும் நோய்களின் பரப்பும் இந்தப் புற்றின் பரப்பும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று சுட்டிக்காட்டினார். மஞ்சள் காய்ச்சல் வைரஸைக் கொசு சுமப்பதுபோல, இந்தப் புற்றையும் ஏதோ ஒரு வைரஸ் உண்டாக்குகிறது, அதைக் கொசு பரப்புகிறது என்று பலரும் முடிவுகட்டினார்கள்.

அது தவறு. ஆனால் அந்தத் தவறால்தான் வைரஸ் கிடைத்தது.

வரைபடம் முழுமையாவதற்கு முன்பே, 1961 மார்ச் 22 அன்று, லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்கிட் ஓர் உரையாற்றினார். அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்து வந்து உட்கார்ந்தவர்களில் ஆன்டனி எப்ஸ்டீனும் ஒருவர். கோழிகளுக்குப் புற்று வரவைக்கும் வைரஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர். மனிதப் புற்றுக்கு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று சொன்னாலே மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்த காலம். தட்பவெப்பத்தைப் பொறுத்து எல்லை போட்டுக்கொண்ட புற்றைப் பற்றிக் கேட்டதும், கையில் இருந்த வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதன் பின்னால் போக முடிவெடுத்தார்.

கம்பாலாவில் அறுத்தெடுத்த கட்டித் துண்டுகள் விமானத்தில் லண்டனுக்கு வரத்தொடங்கின. இரண்டு ஆண்டுகள் எதுவும் கிடைக்கவில்லை. துண்டை அப்படியே நுண்ணோக்கியில் பார்த்தால் வைரஸ் இல்லை. செல்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கப் பார்த்தால் வளரவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள் லண்டனில் மூடுபனி. விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள். துண்டு எப்ஸ்டீன் கைக்கு வந்தபோது அது மிதந்த திரவம் கலங்கிக் கிடந்தது. பாக்டீரியா புகுந்துவிட்டது, தூக்கி எறிய வேண்டியதுதான் என்று தோன்றும் கலங்கல். எறிவதற்கு முன் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தார். பாக்டீரியா எதுவும் இல்லை. கட்டியிலிருந்து உதிர்ந்த புற்றுச் செல்கள் தனித்தனியாக, உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. இந்தச் செல்கள் ஒட்டிக்கொண்டு வளர்பவை அல்ல, மிதந்து வளர்பவை என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அவருடன் வேலைபார்த்த இளம் ஆய்வாளர் இவோன் பார் அவற்றை வளர்த்தெடுத்தார். 1964 பிப்ரவரியில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முதல் செல்லைப் பார்த்தபோதே அதற்குள் ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று தெரிந்தது. எப்ஸ்டீனுக்குப் பதற்றம். எலெக்ட்ரான் கற்றை மாதிரியை எரித்துவிடுமோ என்று பயந்து கருவியை அணைத்துவிட்டு, வெளியே பனியில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தாராம். மார்ச் மாதம் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. வைரஸுக்கு இருவர் பெயர்தான் நிலைத்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேலையில் பங்கெடுத்த டிரினிடாட்காரர் பெர்ட் அச்சோங்கின் பெயரைப் பாடநூல்கள் மறந்துவிட்டன. இவோன் பார் கல்யாணமாகி ஆஸ்திரேலியா போய், ஆய்வு வேலை கிடைக்காமல் பள்ளி ஆசிரியையாக வாழ்ந்தார். எப்ஸ்டீன் 2024இல் 102 வயதில் இறந்தார்.

வைரஸ் கிடைத்துவிட்டது, கொசுவைப் பிடிப்பதுதான் மிச்சம் என்று நினைத்தவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து அதிர்ச்சி வந்தது. பிலடெல்பியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே என்ற கணவன்–மனைவி ஆய்வாளர்கள் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் சோதனையை உருவாக்கினார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்தது, சரி. அமெரிக்கர்களின் ரத்தத்திலும் இருந்தது, பெரும்பாலான வயதுவந்தோரிடமும். அவர்களுடைய ஆய்வுக்கூட உதவியாளர் பெண் ஒருவர் மட்டும் இந்த ஆன்டிபாடி இல்லாத அபூர்வப் பேர்வழி; ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய ரத்தத்தைத்தான் பயன்படுத்திவந்தார்கள். 1967இல் அவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தன, கழுத்தில் நெறியும் கட்டியது. குணமாகித் திரும்பியபோது ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைந்திருந்தது. மேலைநாடுகளில் கல்லூரி வயதுப் பிள்ளைகளைப் படுக்கவைக்கும், முத்தக் காய்ச்சல் என்று கேலியாகச் சொல்லப்படும் நோய்க்குக் காரணம் இதே வைரஸ்தான் என்று அப்படித்தான் தெரிந்தது.

ஆக வைரஸ் ஒன்றுதான். அதைச் சந்திக்கும் வயதுதான் வேறு. வசதியான நாடுகளில், தனி அறை, தனிக் கரண்டி, சிறு குடும்பம் என்று வளரும் பிள்ளைகளில் பலர் இதைப் பதின்வயதுவரை சந்திப்பதே இல்லை. சந்திக்கும்போது உடல் முழுப்பலத்தோடு மோதுகிறது. அந்த மோதல்தான் காய்ச்சல். நெருக்கமாக வாழும் ஊர்களில் மூன்று வயதுக்குள் அனேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் வந்து, சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. கொசுவுக்கும் இந்த வைரஸுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்படியானால் வரைபடம்? பர்கிட் குத்திய ஊசிகள் பொய் சொல்லவில்லை. அவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பொய். கொசு சுமந்தது வேறு ஒன்றை: மலேரியாவை. அமெரிக்க நோயியல் அறிஞர் கில்பர்ட் டால்டார்ஃப் 1960களின் நடுவிலேயே அந்தப் பக்கம் கைகாட்டினார். பர்கிட்டும் 1969இல் தன் பழைய கருத்தைக் கைவிட்டு, மலேரியாவே அந்த எல்லையை வரைகிறது என்று எழுதினார். எந்த மலேரியா என்பது இங்கே முக்கியம். ஆண்டு முழுக்க, திரும்பத் திரும்பக் கடிக்கும் கொசுவால், ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி குழந்தையின் ரத்தத்தை விட்டு இறங்காமல் இருக்கும் தாழ்நிலங்களில்தான் இந்தக் கட்டி குவிகிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இதே அளவில் கட்டி காணப்பட்ட இடம் பப்புவா நியூகினி. அங்கேயும் தாழ்நிலத்தில்தான், அதே கடுமையான மலேரியா உள்ள இடத்தில். சென்னையில் நாம் பார்த்த மலேரியா பெரும்பாலும் விவாக்ஸ் வகை. அது வேறு ஜாதி ஒட்டுண்ணி. இந்தப் புற்று நம்மிடமும் உண்டு, ஆனால் அரிதாகத்தான் வருகிறது, பெரும்பாலும் தாடையில் அல்லாமல் வயிற்றில்.

பரம்பரைக் குற்றமா, மண்ணின் குற்றமா என்ற சந்தேகத்தைத் தீர்த்தவர்கள் புலம்பெயர்ந்தவர்கள். மலேரியா இல்லாத ருவாண்டா, புருண்டி மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி உகாண்டாவின் தாழ்நிலத்துக்கு வந்தவர்களுக்கும் இந்தக் கட்டி வந்தது. ஆனால் உள்ளூர்க் குழந்தைகளைவிடக் கூடின வயதில். மலேரியாவை முதலில் சந்தித்த வயது தள்ளிப்போனால் புற்று வரும் வயதும் தள்ளிப்போகிறது. அரிவாள் செல் மரபணுவில் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள் மலேரியாவின் கொடுமையிலிருந்து ஓரளவு தப்புகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். அத்தகைய குழந்தைகளுக்கு இந்தப் புற்றும் குறைவாகவே வருகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. எனக்கு இந்தத் தொடர்பில் மிகவும் பிடித்த சான்று அதுதான். ஒரு பரம்பரை விபத்து, தான் ஒருபோதும் நேரே தொடாத ஒரு புற்றைத் தடுக்கிறது.

வைரஸுக்கு எதிரான சாட்சியைத் தேட வேறு வழி வேண்டியிருந்தது. நோய் வந்த பிறகு வைரஸைப் பார்ப்பதில் என்ன பெருமை? எல்லோரிடமும்தான் இருக்கிறதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கை டி தே என்ற பிரெஞ்சு அறிஞரின் தலைமையில், உகாண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில் எட்டு வயதுக்குட்பட்ட 42,000 குழந்தைகளின் ரத்தத்தை 1970களின் தொடக்கத்தில் எடுத்து உறையவைத்தது. பர்கிட்டின் பயணத் தோழர் வில்லியம்ஸ் அந்த மாவட்டத்தில்தான் மருத்துவமனை நடத்திக்கொண்டு, ஒவ்வொரு நோயாளியையும் ஊர்ப்பெயரோடு பதிவுசெய்து வைத்திருந்தார். இதி அமீன் ஆட்சியின் குழப்பத்துக்கு நடுவிலும் ஆய்வு நகர்ந்தது. பிறகு புற்று வந்த சில குழந்தைகளின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், நோய்க்குப் பல மாதங்கள், ஆண்டுகள் முன்பே அவர்களிடம் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி மற்றக் குழந்தைகளைவிட மிகக் கூடுதலாக இருந்தது. அப்படி அளவு உயர்ந்திருந்த குழந்தைக்கு ஆபத்து 30 மடங்கு என்று 1978இல் அறிவித்தார்கள். வைரஸின் சுமை அதிகமாக இருந்தது, சீக்கிரமே வந்தது என்று பொருள். பிற்காலத்தில் கென்யாவில் மலேரியா நிறைந்த கிசுமுவையும் மலேரியா குறைந்த நந்தி மலைப்பகுதியையும் ஒப்பிட்டபோதும் இதே சித்திரம்தான்: கிசுமுவின் கைக்குழந்தைகள் வைரஸை இன்னும் சின்ன வயதிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், ரத்தத்தில் அதிகமாகவும் சுமக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு சோதனை நடந்தது. தான்சானியாவின் வடக்கு மாரா மாவட்டத்தில் 1977 முதல் குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குளோரோகுயின் கொடுத்துப் பார்த்தார்கள். மலேரியாவை அடக்கினால் கட்டி குறைகிறதா? குறைந்தது. ஆனால் மாத்திரை கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணியும் பரவிவிட்டது. அதை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

சரி, இந்த இரண்டும் சேர்ந்து செல்லுக்குள் என்ன செய்கின்றன? கதையின் அதிசயமே இங்கேதான் இருக்கிறது.

பி செல்களின் வேலை ஆன்டிபாடி தயாரிப்பது. கிருமி உள்ளே வந்ததும் அவை நிணநீர்க் கணுக்களில் கூடி அசுர வேகத்தில் பெருகுகின்றன. நெறி கட்டியிருக்கிறது என்று நாம் தடவிப் பார்க்கும் வீக்கம் அதுதான். அந்த நேரத்தில் உடலின் வேறெந்தச் செல்லும் துணியாத காரியம் ஒன்றை இவை செய்கின்றன. தங்கள் மரபணுவையே வேண்டுமென்று வெட்டி, எழுத்தை மாற்றி, ஒட்டிக்கொள்கின்றன. கிருமிக்கு இன்னும் பொருத்தமான ஆன்டிபாடி வேண்டும் என்பதற்காக. வெட்டும் வேலையைத் தொடங்கிவைக்க ஒரு நொதி இருக்கிறது. அது ஆன்டிபாடி மரபணுவை மட்டும் வெட்ட வேண்டும். எப்போதாவது கைதவறி வேறிடத்திலும் வெட்டிவிடும்.

பர்கிட்டின் பெயரால் பர்கிட் லிம்போமா எனப்படும் இந்தப் புற்றில் நடப்பது அந்தக் கைதவறல். எட்டாம் குரோமோசோமில் மிக் என்றொரு மரபணு. செல்லைப் பெருகச் சொல்லி ஆணையிடுவது. அது அறுந்து, பெரும்பாலும் பதினான்காம் குரோமோசோமில் ஆன்டிபாடி மரபணு இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பி செல்லில் இரவு பகல் ஓய்வில்லாமல் இயங்கும் பகுதி அது. வீட்டு மின்விசிறியின் ஒயரைத் தெருவிளக்குக் கம்பியோடு முறுக்கிக் கட்டியது போலத்தான். வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சை எத்தனை முறை தட்டினாலும் விசிறி நிற்காது. இந்த ஒட்டு 1970களில் நுண்ணோக்கியில் பிடிபட்டது; ஒட்டிக்கொண்டது எந்த மரபணு என்று 1982இல் தெரிந்தது.

இப்படி வெறிபிடித்துப் பெருகும் செல்லைச் சாதாரணமாக உடல் விட்டுவைக்காது. மிக் அளவு மீறினால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டும் என்பது உள்ளேயே எழுதப்பட்ட விதி. வைரஸ் இங்கேதான் வருகிறது. தான் குடியிருக்கும் செல் சாகாமல் பார்த்துக்கொள்வது அதன் சுபாவம். சாக வேண்டிய செல் சாகாமல் நிற்கிறது. வைரஸ் தன் புரதங்களில் ஏறத்தாழ ஒன்றை மட்டும் வெளியே விட்டு மற்றவற்றை அடக்கிக்கொள்வதால், காவல்காக்கும் டி செல்களின் கண்ணிலும் படுவதில்லை.

மலேரியா செய்வது கூட்டம் சேர்ப்பது. மாதாமாதம் வரும் ஒட்டுண்ணியால் பி செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. வைரஸ் குடியிருக்கும் செல்களும் சேர்ந்தே பெருகுகின்றன. வெட்டும் நொதியும் அதிக நேரம் விழித்திருக்கிறது. நீண்டநாள் மலேரியா தொற்றிய எலிகளின் பி செல்களில் அந்த நொதியால் குரோமோசோம்கள் உடைவது கூடி, லிம்போமா வருவதை 2015இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். போதாததற்கு வைரஸை அடக்கிவைக்கும் டி செல்களையும் மலேரியா தளர்த்திவிடுகிறது. வெட்டுகள் கூடுகின்றன, வெட்டுப்பட்டது சாவதில்லை, காவலும் தளர்ந்திருக்கிறது. இவ்வளவும் ஒரே செல்லில் கூடிவரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதனால்தான் மலேரியாவும் வைரஸும் ஒருசேர உள்ள ஊரிலும் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு சந்தேகப் பேர்வழியும் உண்டு. நம் வேலிகளில் நிற்கும் திருகுகள்ளி. அதன் பாலில் உள்ள சில பொருள்கள் ஒடுங்கிக் கிடக்கும் இந்த வைரஸைத் தட்டி எழுப்புகின்றன என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் நோயாளிக் குழந்தைகளின் வீடுகளைச் சுற்றி இந்தச் செடி கூடுதலாக இருப்பதையும் சிலர் கவனித்தார்கள். சுவையான செய்தி, ஆனால் குற்றப்பத்திரிகையில் சேர்க்கும் அளவுக்கு வலுவான சாட்சி என்று எனக்குத் தோன்றவில்லை. வேலியை வெட்டப் புறப்பட வேண்டாம்.

மனிதருக்கு வரும் கட்டிகளில் மிக வேகமாக வளர்வது இது. ஒன்றிரண்டு நாளில் செல்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். பயங்கரமாகத் தோன்றும் இந்த வேகம்தான் இதன் பலவீனமும். பெருகிக்கொண்டிருக்கும் செல்லைத்தான் புற்றுநோய் மருந்துகள் கொல்லும். 1960களின் தொடக்கத்தில், கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி இல்லாத கம்பாலாவில், பர்கிட் வேறு வழியில்லாமல் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார். சைக்ளோஃபாஸ்ஃபமைட் போட்ட சில நாளில் சில குழந்தைகளின் முகம் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. அவர்களில் சிலருக்கு நோய் திரும்பி வரவே இல்லை. மருந்தால் மட்டுமே ஒரு புற்றைக் குணப்படுத்த முடியும் என்று நம்பவைத்த முதல் சில நோய்களில் இதுவும் ஒன்று. 1967இல் கம்பாலாவில் லிம்போமா சிகிச்சை மையம் திறந்தது. பின்னர் உகாண்டா புற்றுநோய் நிறுவனமாக வளர்ந்தது அதுதான்.

அந்த மையத்தை 1970களின் தொடக்கத்தில் நடத்திய இயன் மக்ராத், பிறகு அமெரிக்கா போய், ஏழை நாடுகளின் குழந்தைப் புற்றுநோயில் வேலைசெய்வதைத் தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார். 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும், மும்பை, தில்லி மருத்துவமனைகளும் அவரோடு சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இந்தியாவில் கொடுக்கக்கூடிய ஒரு மருந்துத் திட்டத்தை வகுத்தன. அடையாறில் அதை முன்னெடுத்தவர் டாக்டர் வி. சாந்தா. அதுவரை ஐந்தில் ஒரு குழந்தைகூடப் பிழைப்பது அரிதாக இருந்த இடத்தில், பாதி அளவுக்குப் பிழைக்கத் தொடங்கினார்கள். கம்பாலாவின் பாடம் அடையாறு வரை வந்து சேர்ந்த வழி இது. இங்கே இது அதிகம் பேசப்படாதது வருத்தம்தான்.

இன்று பணக்கார நாடுகளில் பர்கிட் லிம்போமா வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள். பர்கிட் இந்த நோயை அடையாளம் கண்ட நிலத்தில் பல மருத்துவமனைகளில் பாதிப்பேர்கூடக் குணமாவதில்லை. காரணம் நோயின் கொடுமை அல்ல. குழந்தை தாமதமாக வருகிறது. பாதி சிகிச்சையில் பஸ் செலவுக்குப் பணமில்லாமல் குடும்பம் ஊர் திரும்பிவிடுகிறது. கடும் மருந்தைத் தாங்குவதற்கான ரத்தமும் ஆன்டிபயாடிக்கும் கையில் இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய்த் திட்டத்தில் முன்னுரிமை பெற்ற ஆறு நோய்களில் இதுவும் ஒன்று. மலேரியாத் தடுப்பூசியை 2021இல் அதே நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. அது பரவினால் இந்தப் புற்றும் குறையுமா என்பது அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் பதிவேடுகளில் தெரியும். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்குத் தடுப்பூசி இன்னும் சோதனை நிலையில்தான்.

நமக்கு நேரடியாகத் தொடர்புடைய பக்கம் ஒன்று மிச்சமிருக்கிறது. இந்த வைரஸ் இன்னொரு லிம்போமாவிலும் உட்கார்ந்திருக்கிறது: ஹாட்ஜ்கின். மேலைநாடுகளில் அது பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றியவர்களின் நோய். கட்டியில் வைரஸ் இருப்பதும் குறைவு. வளரும் நாடுகளில் அது பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, அதிலும் பையன்களுக்குக் கூடுதலாக வருகிறது என்று 1971லேயே வகைப்படுத்திவிட்டார்கள். இந்தியக் குழந்தைகளின் ஹாட்ஜ்கின் கட்டிகளைச் சோதித்தால் மிகப் பெரும்பாலானவற்றில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதைச் சின்ன வயதில் சந்திப்பதன் இன்னொரு முகம் இது. முத்தமிடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். வைரஸ் வரும், கோடிக்கணக்கான குழந்தைகளில் ஒன்றும் செய்யாமல் இருக்கும்.

சொல்ல வேண்டியது கழுத்துக் கட்டியைப் பற்றி. குழந்தையின் கழுத்தில் நெறிகட்டினால் பெரும்பாலும் சளியோ தொண்டைப்புண்ணோதான் காரணம்; தானாக வடிந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகியும் வடியாமல், வலியில்லாமல், ரப்பர் மாதிரி கெட்டியாக வளர்ந்துகொண்டே போனால், கூடவே காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால், நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். பல குழந்தைகளுக்கு அது காசநோயாகவும் இருக்கும். ஆனால் கணுவை எடுத்துத் திசுப் பரிசோதனை செய்யாமலே காசநோய் மாத்திரையைத் தொடங்கி, மாதக்கணக்கில் விழுங்கவைத்த பிறகு ஹாட்ஜ்கின் என்று தெரியவரும் குழந்தைகள் இன்றும் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். உரிய நேரத்தில் பிடித்தால் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகும் நோய் அது. கழுத்துக் கட்டிக்குக் காசநோய் மருந்து எழுதித் தரும் மருத்துவரிடம், கட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.